கொடுத்த கையும் பற்றிய கையும்: சுவார்ட்ஸ் ஐயர் நினைவுச் சிற்பங்கள் இரண்டு

கிறிஸ்தவ ஈகையைப் பற்றித் திருச்சபை என்ன போதித்தது என்பதை அறிய விரும்புவோர் பிரசங்க நூல்களையும் ஞானோபதேச நூல்களையும் நாடுவர். அது முறையே. ஆயினும் திருச்சபை தான் செய்த ஈகையைத் தானே எவ்வாறு கண்டது என்பதை அறிய அவை மட்டும் போதா. தன் சுவர்களில் எதைச் செதுக்கி வைத்தது, அச்செதுக்கலில் யாரை உயர்த்தியது, யாரைத் தாழ்த்தியது, யாருக்கு முகம் கொடுத்தது என்பவற்றையும் நாம் நோக்குதல் வேண்டும். பிரசங்க மேடையில் நாம் சொல்லக் கூசுகின்ற சிலவற்றைக் கல் கூசாமல் சொல்லிவிடுகிறது.

தமிழ்நாட்டில் இவ்வாய்வுக்கு மிக ஏற்ற சான்றுகள் இரண்டு உள்ளன. ஒன்று சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் ஆலயத்தில் உள்ளது. மற்றொன்று தஞ்சாவூர்ச் சின்னக் கோட்டையில் சிவகங்கைப் பூங்காவை அடுத்துள்ள கிறிஸ்து ஆலயத்தில் உள்ளது. இரண்டும் பளிங்குப் புடைப்புச் சிற்பங்கள். இரண்டும் இங்கிலாந்தில் செதுக்கப்பட்டுக் கப்பலேறி வந்தவை. இரண்டும் 19ஆம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளைச் சேர்ந்தவை. எல்லாவற்றிற்கும் மேலாக, இரண்டும் ஒரே மனிதரின் ஒரே வேளையைச் சித்திரிக்கின்றன. 1798ஆம் ஆண்டு பெப்ரவரி 13ஆம் நாள் தஞ்சையில் காலமான கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ் ஐயரின் மரணப் படுக்கையே அவ்விரண்டின் பொருள். பொருள் ஒன்றாயிருந்தும் அவை ஈகையைப் பற்றிச் சொல்வது ஒன்றன்று. அவ்வேறுபாடு கலை நுகர்வோரைக் காட்டிலும் ஆயர்களையும் இறையியல் மாணவர்களையும் மிகுதியாகத் தொடுவது என்பது நம் கருத்து.

புடைப்புச் சிற்பத்தின் இயல்பு

முழுச் சிலை தனித்து நிற்கும். அதனை நாம் சுற்றி வந்து காணலாம். ஓவியமோ தொலைவையும் ஆழத்தையும் வண்ணத்தால் காட்டவல்லது. புடைப்புச் சிற்பம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அதில் உள்ள உருவங்கள் ஒரே சுவரிலிருந்து எழுகின்றன. சில விரற்கடை அளவே அவற்றுக்குக் கிடைக்கும் ஆழம். ஆகவே உறவுகளை அது மேல் கீழ் என்னும் நிலையாலும், பெரிது சிறிது என்னும் அளவாலும், கை, கண் ஆகியவற்றின் திசையாலுமே உணர்த்த வேண்டியிருக்கிறது. கொடுப்போரும் பெறுவோரும் ஒரு பலகையில் இடம்பெறும்போது, யார் எந்த உயரத்தில் நிற்பது என்னும் வினாவைச் சிற்பி தவிர்க்க இயலாது.

இவ்வினா நம் நாட்டுச் சிற்பிகளுக்குப் புதியதன்று. பீர்க்கன்கரணையிலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாக மாமல்லபுரம் செல்வோர் அங்குள்ள வராக மண்டபத்தில் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த திருவிக்கிரமன் சிற்பத்தைக் காணலாம். அதுவும் ஒரு கொடையின் கதையே. மூவடி மண் இரந்து குறளனாக வந்தவன் விண்ணளவு வளர்ந்து நிற்கிறான். கொடுத்த மாவலி அவன் காலடியில் சிறியவனாக அமர்ந்திருக்கிறான். அக்கதையின் சமயப் பொருளைப் பற்றி நாம் இங்கு வாதிடவில்லை. இரந்தவனைப் பெரியவனாகவும் ஈந்தவனைச் சிறியவனாகவும் செதுக்கிய ஓர் உளி இந்நிலத்தில் முன்னரே இருந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

இத்தாலிய மறுமலர்ச்சிக் காலத்தில்

மேலை நாட்டில் கிறிஸ்தவ ஈகையைக் காட்டும் சிற்பங்கள் பெரும்பாலும் இருவகைப்பட்டன. முதல் வகை, அன்பைப் பெண்ணாக உருவகிப்பது. மார்பில் ஒரு குழந்தையும் காலடியில் வேறு குழந்தைகளுமாக நிற்கும் தாயின் உருவம் இத்தாலியக் கல்லறைகளிலும் ஆலய முகப்புகளிலும் காணப்படுகிறது. இரண்டாம் வகை, இரக்கச் செயல்கள் ஏழையும் காட்சிகளாகச் செதுக்குவது. மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் எண்ணிக் கூறியவை ஆறு. இறந்தோரை அடக்கம் செய்தல் என்னும் ஏழாவது, தோபித்து ஆகமத்தின் சார்பால் சேர்க்கப்பட்டது.

இரண்டாம் வகைக்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு, புளோரன்சை அடுத்த பிஸ்தோயா நகரில் உள்ள செப்போ மருத்துவமனையின் முகப்பு. செப்போ என்பது காணிக்கை சேர்க்கப் பயன்பட்ட குடைந்த மரக்கட்டையைக் குறிக்கும் சொல். இம்மருத்துவமனை 13ஆம் நூற்றாண்டில் தோன்றியது. இதன் முகமண்டபத்தின் மேல் நீண்டு செல்லும் மெருகூட்டிய சுடுமண் புடைப்புகளில் ஆறு காட்சிகளைச் சாந்தி பூல்யோனி என்பவர் 1526 முதல் 1528 வரையில் உருவாக்கினார். தாகமுள்ளோருக்குத் தண்ணீர் கொடுக்கும் ஏழாவது காட்சி அரை நூற்றாண்டுக்குப் பின் பிலிப்போ பலதீனி என்பவரால் செய்யப்பட்டது. மருத்துவமனையின் தலைவராயிருந்த லெயோனார்தோ புவோனாஃபேதே என்னும் துறவியார் இப்பணியைச் செய்வித்தார். வெண்ணிற அங்கி தரித்த அவரது உருவம் காட்சிதோறும் தோன்றுகிறது.

செய்வித்தவர் தம் உருவத்தையே இத்தனை முறை வைத்துக்கொண்டது நமக்குச் சற்று நெருடலாகவே இருக்கிறது. எனினும் வழிப்போக்கரை ஏற்றுக்கொள்ளும் காட்சியில் அவர் தரையில் மண்டியிட்டு ஒரு யாத்திரிகரின் பாதங்களைக் கழுவுகிறார். அந்த யாத்திரிகர் கிறிஸ்துவே. மத்தேயு 25இன் உபதேசம் இங்கே உயரத்தின் மூலம் சொல்லப்படுகிறது. பெறுபவர் அமர்ந்திருக்கிறார், கொடுப்பவர் கீழே இருக்கிறார். நோயாளரைக் காணும் காட்சியில் மருத்துவர் நாடி பார்க்கிறார். அங்குள்ள நோயாளருக்கும், ஏனைய காட்சிகளில் வரும் பசித்தோருக்கும் சிறையாளருக்கும் தனித்தனி முகங்கள் உண்டு. இன்னொன்றும் கருதத் தக்கது. இச்சிற்பங்கள் மருத்துவமனையின் உள்ளே, நன்கொடையாளர் கூடும் அறையில் வைக்கப்படவில்லை. தெருவை நோக்கிய முகப்பில் உள்ளன. உதவி நாடி வந்த நோயாளியும் அகதியும் உள்ளே நுழையுமுன் தங்களையே அவற்றில் கண்டனர்.

முதல் வகையைச் சார்ந்தும் அதினின்று விலகியும் நிற்பது புளோரன்சில் உள்ள மாசில்லாக் குழந்தைகள் இல்லம். பட்டு வணிகர் சங்கம் 1419இல் தொடங்கி வைத்தது. புருனெல்லெஸ்கி வரைந்த கட்டடம். 1445இல் முதல் குழந்தை ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதன் தூண் வரிசைக்கு மேலே 1487ஆம் ஆண்டளவில் அந்திரேயா தெல்லா ரோபியா வட்டப் பலகைகளில் நீலப் பின்னணியில் குழந்தைகளைச் சமைத்து வைத்தார். துணி சுற்றப்பட்ட குழந்தைகள், கைகளை விரித்து நிற்கின்றன, ஒன்றைப்போல் ஒன்றில்லை. அங்கே தாயுருவம் இல்லை, வணிகர் உருவம் இல்லை, கொடுத்தவர் எவருமே இல்லை. கைவிடப்பட்ட குழந்தை மட்டுமே இருக்கிறது. அது தெருவில் செல்லும் எல்லாரையும் நோக்கிக் கைகளை விரிக்கிறது.

சீர்திருத்தத்திற்குப் பின்

பூல்யோனி பிஸ்தோயாவில் மண் பிசைந்த நாட்களில் விற்றன்பர்க்கில் சீர்திருத்தம் பத்தாண்டு நிறைவை எட்டிக்கொண்டிருந்தது. இரக்கச் செயல்களைப் புண்ணியக் கணக்காக எண்ணும் எண்ணத்தை லூத்தர் கடிந்தது நாம் அறிந்ததே. கிருபையினால் விசுவாசத்தைக்கொண்டு நீதிமானாக்கப்படுதலை ஏற்றுக்கொண்ட திருச்சபைகளில் ஏழு செயல்களின் சித்திரங்கள் மங்கின. அதற்கான இறையியல் காரணத்தை நாம் மறுக்கவில்லை.

ஆனால் வெறுமையான சுவர் நெடுங்காலம் வெறுமையாக இருப்பதில்லை. குறிப்பாக ஆங்கிலத் திருச்சபையில், இரக்கச் செயல்கள் இருந்த இடத்தில் இரக்கம் செய்த கனவான்களின் நினைவுச் சின்னங்கள் குடியேறின. பசித்தவன், வஸ்திரமில்லாதவன் என்போர் கதையின் நடுவிலிருந்து விலகி, இறந்துபோன பெரியவரின் நற்பண்புக்குச் சாட்சிகளாக ஓரத்தில் நிற்கலாயினர். புண்ணியக் கணக்கை ஒழித்துவிட்டதாக எண்ணிய சபை, அக்கணக்கைப் பளிங்கில் பொறித்து ஆலயத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. இந்த மரபின் பிள்ளைகளே கோட்டைச் சிற்பமும் தஞ்சைச் சிற்பமும். ஒரு பிள்ளை மரபைக் காத்தது. மற்றது மரபை மீறியது.

கோட்டைச் சிற்பம்

பெருங்களத்தூரில் மின்தொடர் வண்டி ஏறிக் கோட்டை நிலையத்தில் இறங்குவோர், 1680இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட புனித மரியாள் ஆலயத்துக்கு நடந்தே செல்லலாம். அங்குள்ள சுவார்ட்ஸ் நினைவுச் சின்னம் கிழக்கிந்தியக் கம்பெனியார் தம் செலவில் செய்வித்து 1807இல் அனுப்பியது. செதுக்கியவர் ஜான் பேக்கன். மிஷனெரிகளைத் தன் நிலப்பகுதிக்குள் விடத் தயங்கிய கம்பெனி ஒரு மிஷனெரிக்கு இவ்வளவு சிறப்புச் செய்தது வியப்புக்குரியது. கேரி ஐயரும் அவர் தோழரும் டேனியரின் சேராம்பூரில் புகலிடம் தேடியது 1800ஆம் ஆண்டில்தான். சுவார்ட்ஸ் ஐயரோ கம்பெனியின் வேண்டுகோளின்பேரில் 1779இல் ஹைதர் அலியிடம் தூது சென்றவர். கம்பெனி அவருக்கு நன்றிக்கடன் பட்டிருந்தது.

சிற்பத்தின் அமைப்பைக் காண்போம். மரிக்கும் ஊழியர் படுக்கையில் இருக்கிறார். உடன் ஊழியர் ஒருவர் தலையைத் தாங்குகிறார். அருகில் அவரால் வளர்க்கப்பட்ட நம் நாட்டுச் சிறுவர். அவர்களுள் ஒருவன் அவரது ஒரு கையைத் தழுவிக்கொண்டிருக்கிறான். மற்றக் கை மேலே உயர்ந்திருக்கிறது. மேற்பகுதியில் தேவதூதன் ஒருவன் சிலுவையை ஏந்தி இறங்கி வருகிறான். ஊழியரின் கண்கள் அச்சிலுவையை நோக்கியிருக்கின்றன. அதற்கும் மேலே உடன்படிக்கைப் பெட்டி, எக்காளம், சிலுவைக் கொடி, திறந்த வேதாகமம் ஆகிய சின்னங்கள் உள்ளன.

உபதேச அளவில் இச்சிற்பத்தில் குறை காண்பது கடினம். ஒரு கை பிறனிடத்திலும் மறு கை சிலுவையினிடத்திலும் இருப்பது, தேவ அன்பும் பிறரன்பும் ஒன்றே என்னும் பழைய போதனையைச் செம்மையாகக் காட்டுகிறது. நற்கிரியைகளின்மேல் அல்ல, கிறிஸ்துவின் மரணத்தின்மேலேயே விசுவாசி தன் கடைசி மூச்சைச் சாய்க்கிறான் என்பதும் தெளிவு. ஒரு சீர்திருத்தச் சபைக் கேட்டிசத்தை ஒழுங்காகப் படித்த சிற்பி எனலாம்.

ஆனால் கண்களைப் பாருங்கள். சிறுவன் ஊழியரின் கையைத் தழுவுகிறான். ஊழியரோ அவனைப் பார்க்கவில்லை. கை அவனிடம் விட்டுவைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவே. சிற்பத்தின் இயக்கம் முழுவதும் கீழிருந்து மேலே செல்கிறது: சிறுவர் ஊழியரை நோக்க, ஊழியர் தூதனை நோக்குகிறார். சிலுவைக்கும் சிறுவருக்கும் இடையே ஊழியரின் உடல் ஒரு படியாகக் கிடக்கிறது. சிலுவை அச்சிறுவருக்கு அருகில் இறங்கி வந்ததாக இச்சிற்பம் காட்டவில்லை. இதனை யார் காணும்படி வைத்தனர் என்பதையும் நினைவுகூர்வோம். தரங்கம்பாடிச் சபையாரோ தஞ்சைச் சபையாரோ தொழுத இடமன்று அது. கம்பெனியின் அதிகாரிகளும் படைவீரரும் தொழுத ஆலயம். கொடுத்தவரின் இனத்தார், கொடுத்தவரின் சிறப்பை, தங்களுக்கே சொல்லிக்கொண்ட சிற்பம் அது.

தஞ்சைச் சிற்பம்

தஞ்சைச் சிற்பத்தைச் செதுக்கியவர் ஜான் பிளாக்ஸ்மன். 1787 முதல் 1794 வரை இத்தாலியில் வாழ்ந்து, பழைய ரோமச் சிற்பங்களோடு மறுமலர்ச்சிக்கால இத்தாலியரின் பணிகளையும் வரைந்து பழகியவர். இரக்கச் செயல்களைப் பொருளாகக் கொண்டு அவர் வரைந்த சித்திரத் தொடர் ஒன்று அவர் மறைவுக்குப் பின் அச்சில் வெளிவந்தது. எனவே ஏழு செயல்களின் மரபு அவர் கைக்குப் பழக்கமானதே. இந்தியாவை அவர் கண்டதில்லை.

இச்சிற்பத்தைச் செய்வித்தவர் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி. இவரை மன்னர் துளஜாஜி 1787இல் தாம் இறக்குமுன் தத்தெடுத்துச் சுவார்ட்ஸ் ஐயரின் பொறுப்பில் ஒப்படைத்தார். சிறுவனின் கல்வியையும் பாதுகாப்பையும் ஐயர் ஏற்றுக்கொண்டார். சரபோஜி ஞானஸ்நானம் பெறவில்லை. பெற்றவராகத் தம்மைக் காட்டிக்கொள்ளவும் இல்லை. ஐயர் நோயுற்றிருந்தபோது அவர் வந்து கண்டதையும், அடக்கத்தின்போது கண்ணீர் விட்டதையும் மிஷனெரிமார் எழுதி வைத்துள்ளனர்.

இங்கும் ஊழியர் படுக்கையில் இருக்கிறார். தலைமாட்டில் உடன் ஊழியர் நிற்கிறார். அவரைக் கெரிக்கே ஐயர் என்பர். பக்கத்தில் பள்ளிச் சிறுவர் மூவர் இருக்கின்றனர். ஆனால் மேலிருந்து தூதன் எவனும் இறங்கவில்லை. படுக்கையருகில் தலைப்பாகையும் அரச உடையும் தரித்த சரபோஜி நின்று, ஊழியரின் கையைத் தம் கையால் பற்றியிருக்கிறார். அவருக்குப் பின்னால் அமைச்சர் இருவர். சிற்பத்தின் நடுவிடம் அந்தக் கைகளுக்கே கொடுக்கப்பட்டுள்ளது.

உயரத்தை இப்போது நோக்குவோம். வாழ்நாளெல்லாம் கொடுத்தவர் கிடக்கிறார். பெற்று வளர்ந்தவர் நிற்கிறார். கொடுத்தவரிடம் இனிக் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை. அவருக்கு இப்போது ஒரு கை வேண்டியிருக்கிறது. அக்கையை அவருடைய சபையைச் சேராத ஒருவர் தருகிறார். பிஸ்தோயாவில் கொடுப்பவர் மண்டியிட்டுத் தம்மைத் தாழ்த்திக்கொண்டார். அது அவர் தாமாகத் தெரிந்துகொண்ட தாழ்மை. தஞ்சையில் மரணம் கொடுப்பவரைப் பெறுபவராக்கிவிட்டது. தாழ்மையைக் காட்டுவதற்கும் உண்மையில் பிறர் உதவி தேவைப்படுவதற்கும் உள்ள தொலைவு இவ்விரு சிற்பங்களுக்கும் இடையே இருக்கிறது.

இது எவ்வாறு நேர்ந்தது? சிற்பியின் திறமை மட்டும் காரணமன்று. பிஸ்தோயாவில் மருத்துவமனைத் தலைவர் பணம் கொடுத்தார். புளோரன்சில் வணிகர் கொடுத்தனர். கோட்டையில் கம்பெனி கொடுத்தது. எங்கும் கொடுத்தவரோ கொடுத்தவரைச் சார்ந்தவரோதான் ஈகையின் சித்திரத்தைச் செய்வித்தனர். தஞ்சையில் மட்டும் பெற்றவர் செய்வித்தார். நமக்குத் தெரிந்த அளவில் கிறிஸ்தவ ஈகையைக் காட்டும் சிற்பங்களுள் இது அரிதான ஒன்று. ஈகையைப் பெற்றவரிடம் ‘உமக்கு என்ன நேர்ந்தது, நீரே சொல்லும்’ என்று கேட்டால் அவர் தம் தேவையைச் சொல்வதில்லை, தமக்குக் கிடைத்த அரிசியின் அளவையும் சொல்வதில்லை. ஒரு மனிதரைச் சொல்கிறார். அவர் கையைத் தாம் பற்றியதைச் சொல்கிறார். ஐயரின் கல்லறைக் கல்லுக்கென ஆங்கிலத்தில் சரபோஜி இயற்றிய செய்யுளும் அவரைத் திக்கற்ற பிள்ளைகளின் தந்தையாகவும் விதவைகளின் துணையாகவும் போற்றி, அவருக்குத் தகுதியானவராகத் தாம் விளங்க வேண்டும் என்னும் விண்ணப்பத்தோடு முடிகிறது.

அவ்விண்ணப்பம் சொல்லளவில் நின்றுவிடவில்லை. ஏழைக் கிறிஸ்தவப் பிள்ளைகளைச் சரபோஜி தம் செலவில் பேணினார். ஒரத்தநாட்டில் அவர் நிறுவிய முத்தாம்பாள் சத்திரத்தில் இராமேசுவர யாத்திரிகர் உண்டனர், பிள்ளைகள் கற்றனர். பிஸ்தோயாவின் சுவரில் மண்ணாலான யாத்திரிகரின் பாதம் கழுவப்பட்டது. இங்கோ இரத்தமும் தசையுமான யாத்திரிகர் வழிநடையில் இளைப்பாறினர். சத்திர தருமம் மராட்டிய மன்னர் குலத்தின் பழைய வழக்கம் என்பதை நாம் மறக்கவில்லை. அதனை ஐயரின் கணக்கில் எழுதிக்கொள்ள முயல்வது நன்றன்று. பெற்றவர் தம் சொந்த மரபில் நின்றே கொடுப்பவரானார் என்பதே கருதத் தக்கது.

ஆட்சேபணைகள்

இதற்கு எதிராக மூன்று கூறலாம். முதலாவது: சரபோஜி ஏழையல்லர்; மன்னர். பளிங்குக்குப் பணம் கொடுக்க அவரால் முடிந்தது. தஞ்சைத் தெருவில் ஐயரிடம் கஞ்சி பெற்ற விதவை எந்தச் சிற்பத்தைச் செய்விக்க முடியும்? இது வலுவான ஆட்சேபணை. சிற்பமே இதற்குச் சான்று தருகிறது. மூன்று சிறுவரும் பக்கத்தில்தான் நிற்கின்றனர். அவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. மன்னரின் கை பற்றப்பட்டது. அவர்களின் கைகள் காத்திருக்கின்றன. தஞ்சைச் சிற்பம் ஒரு வாசலைத் திறந்தது. அவ்வாசல் வழியே எல்லாரும் உள்ளே வந்துவிடவில்லை.

இரண்டாவது: இங்கு காட்டப்படுவது அரசியல் கலந்த உறவு. துளஜாஜியின் சகோதரர் அமர்சிங் ஆட்சியிலிருந்து நீக்கப்பட்டு 1798இல் சரபோஜி அரியணை ஏறியதில் ஐயரின் பரிந்துரைக்கும் கம்பெனியின் கைக்கும் பங்குண்டு. அடுத்த ஆண்டே 1799இன் உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி கம்பெனியிடம் சென்றது. மன்னருக்குக் கோட்டையே மிஞ்சியது. அன்பின் பெயரால் செய்யப்பட்டவை வல்லரசின் ஆதாயத்திலும் முடியலாம் என்பதற்கு இது எச்சரிக்கை. இதனை நாம் மறைக்க வேண்டியதில்லை. நம் நிறுவனங்கள் பலவும் இத்தகைய கலப்பிலேயே பிறந்தவை.

மூன்றாவது: சிலுவை இல்லாத இச்சிற்பம் கிறிஸ்தவச் சிற்பமாகுமா? அது மனித நட்பின் சித்திரம் மட்டுமல்லவா? இதற்கு நம் விடை மத்தேயு 25இலேயே உள்ளது. அங்கே நீதிமான்கள் ஆண்டவரை அறியாமலே அவருக்குச் செய்தார்கள். எப்பொழுது உம்மைக் கண்டோம் என்று வியந்து கேட்டார்கள். அவர் அவர்களுக்கு மேலே தூதன் கையில் தோன்றவில்லை; பசித்தவனாகவும் நோயாளியாகவும் எதிரே இருந்தார். கோட்டைச் சிற்பத்தில் கிறிஸ்து மேலே தேடப்படுகிறார். தஞ்சைச் சிற்பத்தில் நோயாளியின் கையைப் பற்றிய கை இருக்கிறது. அந்நற்செய்திக்கு எது நெருங்கியது என்பதை வாசகர் தீர்மானிக்கட்டும்.

ஈகையும் ஒப்புரவும்

திருவள்ளுவர் ஈகை என்னும் அதிகாரத்துக்கு முன்னதாக ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தை வைத்தார். இல்லாதவனுக்குக் கொடுப்பது ஈகை. ஒப்புரவோ உலகத்தாரோடு ஒத்து வாழ்ந்து, தன்னிடத்து உள்ளது ஊருக்கும் உரியது என்று அறிந்து நடப்பது. ஒப்பு என்னும் அடிச்சொல்லே அதில் உள்ளது. நம் தமிழ் வேதாகமம் 2 கொரிந்தியர் 5ஆம் அதிகாரத்தில் கிறிஸ்துவின் மூலமாக நடந்ததைக் கூறவும் இதே சொல்லை எடுத்தாண்டது நம் பேறு. பவுல் பேசும் ஊழியம் ஒப்புரவாக்குதலின் ஊழியம். ஒப்புரவு இல்லாத ஈகை கொடுப்பவனை ஒரு படி மேலேயே நிறுத்திவைக்கும்.

சுவார்ட்ஸ் ஐயரின் வாழ்வில் நாம் மிக மதிக்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1780களின் தொடக்கத்தில் ஹைதர் அலியின் படையெடுப்பால் தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம் தலைவிரித்தாடியது. நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது. ஆயினும் முன்பு விலை கிடைக்காமல் ஏமாந்த உழவர் கோட்டைக்கு நெல் கொண்டுவர மறுத்தனர். மன்னர் ஐயரை வேண்டினார். விலைக்குத் தாம் பொறுப்பு என்று ஐயர் ஆள் அனுப்பியதும் ஓரிரு நாட்களில் 1,000 மாடுகள் கிடைத்தன; 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. பின்னர் அவர் உரியவர்க்கு உரியதைக் கொடுத்துத் தீர்த்தார். ஊரைக் காத்தது தானம் அன்று. ஏழை உழவனுக்கு அவன் கூலியும் விலையும் தவறாது கிடைக்கும் என்னும் நம்பிக்கை. இந்நிகழ்ச்சியை எச்சிற்பியும் செதுக்கவில்லை. ஈகை என்றவுடன் மரணப் படுக்கையும் திக்கற்ற பிள்ளையும் நினைவுக்கு வருகின்றன. விலை கொடுத்துத் தீர்ப்பது நினைவுக்கு வருவதில்லை.

நம் சபைகளுக்கு

இன்று நம்மிடம் பளிங்கு இல்லை. ஆனால் புடைப்புச் சிற்பங்கள் இல்லாமல் இல்லை. ஆலயத்தின் மின்விசிறியிலும் இருக்கையிலும் உபயதாரர் பெயர் இருக்கிறது. ஆண்டு மலரில் தையல் இயந்திரம் வழங்கும் படம் இருக்கிறது. படத்தில் மேடையும் உண்டு, மேடையின்மேல் நாமும் உண்டு. கீழே நின்று கையை நீட்டும் சகோதரிக்குப் பெரும்பாலும் முதுகே உண்டு. முகம் தெரிந்தாலும் பெயர் அச்சாவதில்லை. படத்தின்கீழ் நம் பெயர்களும் பட்டங்களும் ஒழுங்காக இருக்கின்றன. கோட்டைச் சிற்பத்தை நாம் வேறு பொருளில் மீண்டும் மீண்டும் செதுக்கிக்கொண்டிருக்கிறோம். இது எந்த ஒரு சபையின் குற்றமும் அன்று. நம் எல்லாருக்கும் பொதுவானது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் நீரில் மூழ்கின. அந்நாட்கள் நம் பகுதியாருக்கு ஒரு பாடம். வீடும் வாகனமும் வசதியும் உள்ளவர் ஒரே இரவில் மொட்டைமாடியில் நின்று குடிநீர்ப் பொட்டலத்துக்குக் கை நீட்டினர். கொடுப்பவர் எனவும் பெறுபவர் எனவும் நாம் வகுத்து வைத்த கோட்டை நீர் அழித்துச் சென்றது. பெறுவது எத்துணைக் கடினம் என்பதைப் பலர் அன்று அறிந்தனர். பேதுருவும் அதனை அறிந்திருந்தார். ஆண்டவர் தம் பாதங்களைக் கழுவ வந்தபோது மறுத்தார். பவுல் பிலிப்பியரிடம் உதவி பெற்றதைத் தம் நிருபத்திலேயே எழுதினார். கொடுப்பதன் பாக்கியத்தைக் கூறும் அப்போஸ்தலர் நடபடிகள் 20ஆம் அதிகார வசனத்தைக் காணிக்கை வேளைதோறும் வாசிக்கிற நாம், பெற்றுக்கொண்ட பவுலைப் பற்றி ஏன் அரிதாகவே பிரசங்கிக்கிறோம்?

தாம்பரத்தில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் 1938 டிசம்பரில் கூடிய அகில உலக மிஷனெரி மாநாட்டில் இளைய திருச்சபைகளின் பிரதிநிதிகள் ஏறத்தாழப் பாதிப் பேராக அமர்ந்தனர். அதுவரை பெறுபவர் என்று பேசப்பட்டவர்கள் அங்கே தாமே பேசினர். தங்களுக்கு மேலை நாட்டார் முன் எந்த மரியாதையை வேண்டினார்களோ, அதே மரியாதையை இன்று நம் சபைகளின் உதவியைப் பெறுவோர் நம்மிடம் எதிர்பார்க்க உரிமையுடையவர்கள்.

ஆகவே ஊழியத்துக்கு ஆயத்தமாகும் மாணவர்களுக்கு ஒன்று கூறுவோம். நாளை உங்கள் சபையில் உதவி வழங்கும் நாள் வரும், ஒளிப்படக்காரரும் வருவார். அப்பொழுது யார் உயரத்தில் நிற்கிறார், யாருக்கு முகம் இருக்கிறது, யார் பார்ப்பதற்காக இப்படம் எடுக்கப்படுகிறது என்று கேளுங்கள். அதற்கும் மேலாக, பெற்றுக்கொண்டவரிடம் சென்று, நம் சபை உங்களுக்கு யாராக இருந்தது என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் பெயரோடும் அவர் இசைவோடும் எழுதுங்கள். அவர் நம்மைப் புகழாமல் குறை கூறினால் அதையும் எழுதுங்கள். தஞ்சைப் பளிங்கில் ஓரத்தில் நிற்கும் அந்த மூன்று சிறுவரின் பெயர்கள் நமக்குக் கிடைக்கப் போவதில்லை. இன்று நம் சபைகளின் ஓரத்தில் நிற்பவர்களின் பெயர்கள் கிடைக்கும், கேட்டால் சொல்வார்கள்.